தரங்கம்பாடிக்கு அக்கா வரும் வழி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
5.11.2023

அன்புள்ள தம்பி சிவபாலனுக்கு,

அக்கா துர்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மகன் தினேஷ் பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறான். நீயும் அகிலாவும் நலம்தானே? ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று அகிலா சொன்னாள். வீடியோவில் அம்மாவின் முகம்தான் தெரிகிறது, கால் தெரிவதில்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன். உண்மையிலேயே நடக்கிறாளா, இல்லை என் மனசுக்காகச் சொல்கிறீர்களா?

இதைப் போனிலேயே கேட்கலாமே என்று அகிலா சிரிப்பாள். போனை எடுத்தால் உனக்குச் சொல் திக்கித் தொண்டையில் நின்றுகொள்ளும் என்பது எனக்குத் தெரியும். நீ ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து நமக்குக் கடிதம்தான் பேச்சு. காகிதத்தில் உன்னைப்போல் தடங்கல் இல்லாமல் பேசுகிறவனை நான் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மழை ஓய்ந்ததும் தரங்கம்பாடிக்கு வரலாம் என்று இருக்கிறேன். சைக்கிளில்.

சிரித்து முடித்தாயா? மேலே படி. ஓரிக்கையிலிருந்து தினமும் கீரைக் கூடையோடு நம் தெருவுக்கு சைக்கிளில் வரும் செல்லியம்மாளும் கூட வருகிறாள். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். "யக்கா, நீ தறியில உக்காந்துக்கினு மிதிக்கிற, நான் ரோட்டுல மிதிக்கிறேன். என்ன, நீ மிதிச்சா ஊரு நகராது" என்பாள். தினேஷுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் சும்மாதானே கிடந்தது, அதைத் துடைத்து எடுத்துவிட்டேன். டேனிஷ்காரன் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று செல்லிக்கு ஒரே ஆசை. தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் "கோட்டை பார்க்கப் போகிறோம்" என்றே சொல்லி வைத்திருக்கிறோம்.

எந்த வழி நல்ல வழி, எங்கெங்கே தங்கலாம் என்று எழுது. அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
அக்கா

*

தரங்கம்பாடி
14.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். மாமாவுக்கு என் வணக்கம். அம்மா உண்மையிலேயே நடக்கிறாள். கட்டிலிலிருந்து சமையலறை வரை போய், அகிலா குழம்புக்கு எவ்வளவு புளி போடுகிறாள் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். டாக்டர் நடக்கச் சொன்னதைவிட அந்தப் புளிதான் அவளை நடக்க வைக்கிறது.

ஆனால் ராத்திரி கண்ணை மூடுவதற்கு முன்னால் தினமும் ஒரு கேள்வி கேட்கிறாள். "துர்கா எப்படா வர்றா?" ஆபரேஷன் அன்றைக்கும் கேட்டாள். நீ வீடியோவில் பேசுவதை வருவதாக அவள் கணக்கில் எடுப்பதில்லை.

சைக்கிள் விஷயம் படித்துவிட்டு அகிலாவிடம் வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். அக்கா, உனக்கு நாற்பத்தெட்டு வயது. இங்கிருந்து காஞ்சிபுரம் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் இங்கே காபி குடிக்கலாம். பஸ் கஷ்டம் என்றால் என் நண்பன் அந்தோணி கார் வைத்திருக்கிறான். அவனை அனுப்புகிறேன். வாசலில் ஏறி வாசலில் இறங்கு. செல்லியம்மாளையும் கூட்டி வா. கோட்டை எங்கேயும் போய்விடாது, நானூறு வருடமாக அங்கேயேதான் இருக்கிறது.

தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
சிவபாலன்

*

காஞ்சிபுரம்
27.11.2023

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விடவில்லை. ஈரத்தில் பாவு நூல் இறுகிக்கொண்டு தறி ஓட மாட்டேன் என்கிறது. உன் கடையில் படகு இன்ஜின் வேலை எப்படி? கடல் கொந்தளிப்பாக இருக்கும், வேலை குறைவாகத்தான் இருக்கும்.

உனக்கு ஒரு சேதி. போன வாரம் மழை விட்ட ஒரு நாளில் நானும் செல்லியும் வாலாஜாபாத் போய்த் திரும்பினோம். அரிசி ஆலை ஓரமாக லாரிகள் நின்றுகொண்டிருந்தன. டிரைவர் ஒருவர் மேலிருந்து குனிந்து பார்த்து, "இன்னாமா, பஸ் ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டார். செல்லி நிறுத்தாமலே, "இல்லப்பா, டீசல் வெல ஏறிட்ச்சு!" என்று கத்திவிட்டுப் போனாள். அதற்கு முந்தின வாரம் திருப்புட்குழி. பெருமாள் கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். எனக்கு எதிர்க்காற்று பிடித்திருக்கிறது, தம்பி. முகத்தில் அடிக்கும்போது நாம்தான் போகிறோம் என்று தெரிகிறது.

உத்திரமேரூர் வழியாக மதுராந்தகம் போய், அங்கிருந்து மரக்காணம் போய்க் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதா, இல்லை திண்டிவனம் வழியா? எது லாரி குறைவு?

அம்மாவுக்குக் கால் வீக்கம் இருந்தால் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்.

பிரியமுடன்,
அக்கா

*

தரங்கம்பாடி
8.12.2023

அக்காவுக்கு,

நலம். புயல் மழையில் அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று மாமா சொன்னார், நிம்மதி.

கோபத்தோடு எழுதுகிறேன். கார் அனுப்புகிறேன் என்று எழுதினேன். உன் பதிலில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. வேண்டாம் என்றுகூட இல்லை. எலுமிச்சைச் சோறு இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, எதிர்க்காற்று இருக்கிறது.

அம்மா விழுந்து மூன்றாவது மாதம் நடக்கிறது. அவளைத் தூக்கி உட்காரவைத்தது நானும் அகிலாவும். நீ அதைச் செய்யவில்லை என்று குறை சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் ஒரு பகல் தூரத்தில் இருந்துகொண்டு, மழை ஓய்ந்ததும் சைக்கிளில் வருகிறேன் என்று வழி கேட்கிறாய். வயதான மனுஷிக்கு ஒவ்வொரு மாசமும் எப்படிப் போகும் என்று யார் சொல்ல முடியும்? உனக்கு விளையாட்டுக்கு நேரம் இருக்கிறது, அம்மாவுக்கு இருக்கிறதா?

நேற்று ராத்திரி அவள் உன்னைக் கேட்டபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சிவபாலன்

*

காஞ்சிபுரம்
28.12.2023

மாப்பிள்ளை சிவபாலனுக்குக் கைலாசத்தின் ஆசிகள்.

இங்கே நலம். நீங்களும் அகிலாவும் அத்தையும் நலமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. துர்கா பதில் எழுதவில்லை. எழுதவும் மாட்டாள். அவள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நாலு வருடத்துக்கு முன் தெருக்காரர்கள் சேர்ந்து திருவண்ணாமலை போய்த் திரும்பும்போது வேன் கவிழ்ந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்து பார்த்தீர்கள். கைக்கட்டு அவிழ்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். கதவை அறுத்து எடுக்கும்வரை அவள் உள்ளே கிடந்தாள். பக்கத்தில் கிடந்த எதிர்வீட்டு அம்மாள் இவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பஸ், கார், ஷேர் ஆட்டோ எதுவும் இல்லை. ரயில் பெட்டிக் கதவைப் பார்த்தே திரும்பிவிட்டாள். என் டிவிஎஸ் வண்டியின் பின்னால்கூட உட்கார முடியவில்லை. பிறர் கையில் வண்டி இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. டாக்டரைப் பார்த்தோம், மாத்திரை கொடுத்தார், தூக்கம்தான் வந்தது. உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வராததற்குத் தறி வேலை என்று சொன்னோம் அல்லவா, தறி அன்றைக்குச் சும்மாதான் கிடந்தது.

அத்தை விழுந்த சேதி வந்த அன்றே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு போனோம். முதல் படியில் கால் வைத்தாள். உடம்பெல்லாம் வேர்த்து, கீழே இறங்கி, தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மறுநாளும் போனோம். அதற்கு அடுத்த நாளும் போனோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது செல்லியம்மாள் எதிரே சைக்கிளில் வந்தாள். அவள் போவதையே துர்கா பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுல ஹாண்டில்பார் என் கையில இருக்குது" என்றாள். சைக்கிள் கற்றுக்கொண்டது அதற்கு முன்னாலேயே, ஊருக்குள் போய்வர. அம்மாவிடம் போக அதுதான் வழி என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

விளையாட்டு என்று நீங்கள் எழுதிய வரியை அவள் படித்தாள். மறுநாளும் விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படிக்கு,
கைலாசம்

*

தரங்கம்பாடி
11.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்கும் மாமாவுக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

நீ வழி கேட்டதற்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முதலில் ஒன்று கேட்கிறேன்: டயர் எப்படி இருக்கிறது? பழைய டயர் என்றால் இரண்டையும் மாற்றிவிடு. பிரேக் கட்டை புதிதாகப் போடு. சீட்டை அரை விரல் உயர்த்தினால் முட்டி வலிக்காது. கடைக்காரன் வேண்டாம் என்பான், கேட்காதே.

திண்டிவனம் வழி வேண்டாம், அது நெடுஞ்சாலை. நீ சொன்ன வழிதான் சரி. ஓரிக்கையில் பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர், மதுராந்தகம். மறுநாள் மரக்காணம். இரண்டு பக்கமும் உப்பளம், நிழலே இருக்காது, வெயிலுக்கு முன் தாண்டிவிடு. மூன்றாம் நாள் புதுச்சேரி தாண்டிக் கடலூர். அங்கே டேனியல் என்று எனக்கு இன்ஜின் உதிரிபாகம் அனுப்புகிறவர், அவர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துவிட்டேன். அவர் மனைவி மீன் வைக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம், ரசம் போதும் என்றேன். நாலாம் நாள் சிதம்பரம். ஐந்தாம் நாள் நம் வீடு.

சிதம்பரத்திலிருந்து இங்கே வரும் வழியை எழுதுவதற்காக நானே வாடகை சைக்கிள் எடுத்து ஒரு தடவை போய்வந்தேன். நடுவில் கொள்ளிடம் பாலம்தான் மோசம், லாரிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. திரும்பி வந்து இரண்டு நாள் என்னால் கடையில் குந்தி உட்கார முடியவில்லை. அம்மா எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள். நீ வாலாஜாபாத் போய்வந்து மறுநாள் தறியில் உட்கார்ந்திருக்கிறாய். சைக்கிளில் வருகிறேன் என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தவன் நான். அக்கா, உன்னைப்போல் ஓர் ஆள் எங்கள் தெருவில் கிடையாது. இந்த ஊரிலேயே கிடையாது.

போன கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

உன் தம்பி,
சிவபாலன்

*

காஞ்சிபுரம்
22.1.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகமும் அதுவாகவே இருக்கட்டும்.

உன் கடிதத்தைச் செல்லிக்கு வாசித்துக் காட்டினேன். "உன் தம்பி இன்னா, ரோடு போடுற ஆபீசரா?" என்று கேட்டாள். இரண்டு டயரும் மாற்றிவிட்டேன். சீட்டையும் உயர்த்தியாயிற்று. கடைக்காரர் நீ சொன்னபடியே வேண்டாம் என்றார்.

போன மாதம் கோபமாக இருந்தவன் இந்த மாதம் வாடகை சைக்கிள் எடுத்திருக்கிறாய். காரணம் கேட்கமாட்டேன். உன் மாமா இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்காமல் தறிக்குள்ளேயே குனிந்துகொண்டிருக்கிறார். அவரையும் கேட்கமாட்டேன்.

தெருவில் சிலர் பேசுகிறார்கள். புடவை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறாளே என்று. புடவை இல்லை, சுடிதார் என்று உன் மாமா அவர்களைத் திருத்திவிட்டு வந்தார். அவ்வளவுதான் அவர் போட்ட சண்டை.

தறியில் இருக்கும் புடவையை நெய்து முடித்து அறுத்துக் கொடுத்துவிட்டு மாசி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். அம்மாவிடம் இப்போது சொல்லலாம். எப்படி வருகிறேன் என்பதையும் சொல்லிவிடு.

அக்கா

*

தரங்கம்பாடி
3.2.2024

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அம்மாவிடம் சொன்னேன். ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள். பிறகு, "குடைய எடுத்துக்கச் சொல்லுடா" என்றாள். சைக்கிளில் குடை பிடிக்க முடியாதம்மா என்றேன். "அவளால முடியும்" என்றாள்.

கிளம்பு அக்கா.

சிவபாலன்

*

கடலூர்
20.2.2024

அன்புள்ள தம்பிக்கு,

டேனியல் வீட்டு மாடியிலிருந்து எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் நானே வந்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் வந்தால் இதைச் சொல்லமாட்டேன்.

முதல் நாள் நன்றாகப் போயிற்று. மதுராந்தகத்தில் ஏரிக்கரை ஏறும்போது செல்லி பாடிக்கொண்டே வந்தாள். நேற்று மரக்காணத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் விழுந்துவிட்டாள். இன்று காலையில் முட்டி பானைபோல் வீங்கியிருந்தது, மிதிக்க முடியவில்லை. டீக்கடையில் நின்றபோது கடலூருக்கு ஐஸ் பெட்டி ஏற்றிப்போகும் வேன்காரர் ஒருவர், "ரெண்டு பேரும் ஏறிக்கோங்கம்மா, சைக்கிளையும் போட்டுக்கலாம். டவுனுல வுட்டுடுறேன்" என்றார். நல்ல மனுஷன்.

செல்லியை ஏற்றிவிட்டேன். அவள் சைக்கிளை ஏற்றினோம். பிறகு நானும் ஒரு காலை வைத்தேன், தம்பி. கூட வந்தவளை அடிபட்ட காலோடு தனியே அனுப்பக் கூடாது என்று நினைத்து வைத்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. அவர் கதவைப் பிடித்தார். என் கை தானாகக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டது.

"இன்னாமா?" என்றார்.

இறங்கிவிட்டேன். அந்த டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க, செல்லியிடம் சொன்னேன்: "எனக்கு பயமா இருக்குது செல்லி. என்னால ஏற முடியல. நாலு வருஷமா முடியல."

இதை நான் இதற்குமுன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. டீ மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

செல்லி என்ன சொன்னாள் தெரியுமா? "அப்போ ஏறாத. நான் முன்னால போய் உனக்கும் சேத்து சோறு வாங்கி வெக்கிறேன். நீ மிதிச்சுக்கினு வா." அவ்வளவுதான். வேன்காரர் இறங்கி வந்து என் பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ரோட்டில் நான் மட்டும். தனியாக இவ்வளவு தூரம் நான் எங்கேயும் போனதில்லை, வண்டியிலும் இல்லை, நடந்தும் இல்லை. புதுச்சேரி டவுனில் நாலாபக்கமும் ஹாரன். ஓரிடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், வெட்கமில்லை. டவுன் முடிந்ததும் மறுபடி ஏறினேன். சாயங்காலம் டேனியல் வீட்டு வாசலில் செல்லி ஒற்றைக் காலில் நின்று, தெருவையே கூப்பிட்டு என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் நாளைக்கு பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறாள். நான் வழக்கமான வழியில் வருகிறேன்.

அக்கா

*

தரங்கம்பாடி
25.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லாரும் நலம். இந்தத் தடவை நலம் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா வந்து சேர்ந்ததை போனில் சொல்லிவிட்டாள். அவள் சொல்லும்போது "வந்துட்டேன்" என்பதோடு முடிந்திருக்கும். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை விடியலிலேயே கொள்ளிடம் பாலத்தின் இந்தப் பக்கம் போய் வாடகை சைக்கிளோடு நின்றேன். அந்தப் பாலத்தை அவள் தனியாகத் தாண்ட வேண்டுமே என்று பயந்தேன். அந்தப் பக்கம் போய் நின்றிருக்கலாம். ஆனால் அவளுக்குத் துணை தேவை என்று நான் முடிவு செய்வது சரியில்லை என்று பட்டது.

ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் வந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, துப்பட்டாவைத் தலையில் இறுகக் கட்டியிருந்தாள். லாரிக் காற்றில் ஹாண்டில் ஆடியது. அவள் ஆடவில்லை. மாமா, படகை அலையில் ஏற்றத் தெரிந்தவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்த நிதானம் அவளிடம் இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், வரவில்லை. அவளே பார்த்து நிறுத்தினாள். "எவ்ளோ நேரமாடா நின்னுக்கினு இருக்குற? சாப்டியா?" என்றாள். அங்கிருந்து சேர்ந்து மிதித்தோம். ஆக்கூர் தாண்டிய பிறகு அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான் பின்தங்கிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் செல்லியம்மாள் ஒரு கூட்டத்தையே சேர்த்து வைத்திருந்தாள். காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிறாள் என்றதும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். அம்மா வாக்கரைப் பிடித்து வாசல் தாண்டி வந்து ரோட்டில் நின்றிருந்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு தூரம் வந்ததில்லை.

அக்கா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மா முன்னால் போய் நின்றாள். இருவரும் அழவில்லை. "ஏண்டி இப்படி கறுத்துட்ட?" என்றாள் அம்மா. "வெயிலும்மா" என்றாள் அக்கா.

உள்ளே வந்ததும் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னாள். அவளால் குனிய முடியாது. அதனால் அக்காவைக் கட்டிலிலேயே உட்காரவைத்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா கூச்சப்பட்டு இழுத்தாள், அம்மா விடவில்லை. ஆடுசதையை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டாள். "எத்தினி ஊர தாண்டிக்கினு வந்திருக்குது இந்தக் காலு" என்று மட்டும் சொன்னாள்.

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை, மாமா. நானோ அகிலாவோ அவளிடம் எதுவும் சொன்னதும் இல்லை. நேற்று மட்டும், "போறப்பவும் இப்படியேதான் போவணுமா?" என்றாள். ஆமாம் என்றாள் அக்கா. "அப்போ இன்னும் பத்து நாளு இரு. காலு ஆறட்டும்."

ஆகவே அக்கா பத்து நாள் கழித்துத்தான் கிளம்புவாள். செல்லியம்மாள் கோட்டையைப் பார்த்துவிட்டாள். "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஒரு தடவை போய்வந்தாள். அவள் சைக்கிளை பஸ் மேலே போட்டுக்கொண்டு முன்னால் வருகிறாள்.

நான் அக்காவோடு சைக்கிளில் காஞ்சிபுரம் வரை வருகிறேன். கடையை அந்தோணி பார்த்துக்கொள்வான். அக்காவைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு வருவாள். உலையில் கூடுதலாக அரிசி போட்டு வையுங்கள், மாமா.

வணக்கத்துடன்,
சிவபாலன்